நாலாவது கட்டில்

சுங்கை டுவா நகல் கடையில்
பக்கத்துக்குப் பத்து காசு.
அடியில் கத்தரித்து விட்ட எட்டு வால்கள்,
எட்டிலும் என் கைப்பேசி எண்.

பதினோராம் மாடி என்று எழுதினேன்.
லிஃப்ட் பத்தோடு நின்றுவிடுவதை எழுதவில்லை.
பாலம் தெரியும் என்று எழுதினேன்.
பொய்யில்லை:
குளியலறை வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால்
எதிர்வீட்டு ஏர்கோன் பெட்டிக்கு மேலே
பிறைக்குப் போகும் வண்டிகளின் விளக்கு
ஒரு சாண் அளவுக்குத் தெரியும்.
மாதம் இருநூற்று இருபது வெள்ளி.
தண்ணீரும் கரண்டும் நாலாகப் பிரித்து.

ஹேமலோஷினி போய் ஒன்பது நாள்.
ரைஸ் குக்கரை விட்டுப் போனாள்,
இரண்டு மாத வாடகைப் பாக்கியையும்.
அவள் கட்டிலில் இப்போது
எங்கள் துவைத்த துணிகள் குடியிருக்கின்றன,
அவையும் வாடகை தருவதில்லை.

"ராத்திரியெல்லாம் போன்ல அழுறவ வேணாம்னு போடு,"
துர்காஷினி சொன்னாள்.
அதை எப்படிப் போடுறது?
"அமைதியானவர்னு போடு."
புனிதமலர் கால் நகத்துக்குச் சாயம் பூசியபடி
தலை நிமிராமல் சொன்னாள்:
"நம்ம ஆளுங்க மட்டும்னு போட்டுடேன்.
சாமிப் படம், கருவாடு,
எதுக்கும் விளக்கம் சொல்ல வேணாம் பாரு."
நியாயமாகத்தான் பட்டது.
மலாயில் இரண்டே சொல்.
தட்டிவிட்டேன்.

பல்கலைக்கழக வாசல் பஸ் நிறுத்தத் தூணுக்கு
காகிதத்தால் ஆன தோல்.
பழைய ஃபிரிட்ஜ், மோட்டார், கணக்கு டியூஷன்,
காணாமல் போன சாம்பல் பூனை,
கண்டுபிடித்தால் ஐம்பது வெள்ளி.
முதலாம் ஆண்டில் இதே தூணில்
ஒரு வாலைக் கிழித்தவள் நான்.
'பெண்கள். அமைதியானவர். லேசான சமையல்.'
லேசு என்றால் என்னவென்று அப்போது தெரியாது.
மேகி லேசு. அவித்த முட்டை லேசு.
கடுகு லேசில்லை.

நிபோங் திபாலில் ஆறு வருஷம் சீனப் பள்ளி;
போனில் என் மாண்டரினைக் கேட்டு
கோர் அம்மையாருக்கு ஒரே சந்தோஷம்.
நாளைக்கே வா பிள்ளை, சாவி தருகிறேன்.
போனேன்.
கிரில் கதவுக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்தார்.
பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்,
போனில் பேசிய பெண் எங்கே என்று.
மாண்டரினில் காலியாக இருந்த அறைக்கு
மலாயில் ஆள் வந்துவிட்டிருந்தது.
வெயிலில் வந்தாயே என்று
கம்பி இடுக்கு வழியாக
ஒரு பெட்டி சாமந்தித் தேநீர் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். சில்லென்று இருந்தது.
கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக்கொண்டே
படியிறங்கினேன்.
அவர்மேல் இல்லை,
அந்த உறிஞ்சல் சத்தத்தின் மேல்தான்
எனக்கு இன்னும் கோபம்.

இன்றைக்கு இருபது தாள், ஒரு டேப்.
மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
மூன்றாவது தாளை ஒட்டும்போது
முதுகுக்குப் பின்னால் சூட்கேஸ் சக்கரம்,
ஒன்று உடைந்த சத்தம்.
மீரியிலிருந்து நேற்று வந்தாளாம். பெயர் லுசியா.
நண்பியின் ஹாஸ்டலில் ஒளிந்து தூங்கினாளாம்,
இன்றிரவு அங்கே சோதனையாம்.
இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னாள்.
தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.
அந்த இரண்டு சொல்லில் கண் நின்றதா,
நான் பார்க்கவில்லை;
டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அறை இன்னும் இருக்கா?"

திரும்பினேன்.
அவளைப் பார்த்தேன்.
பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன்.

பின்னால் சாலைதான்.
ஒரு பஸ், நிற்காமல் போனது.

அவள் வால் எதையும் கிழிக்கவில்லை.
பெட்டியை முழங்காலால் முட்டிக் காட்டி
"லிஃப்ட் உண்டா?" என்றாள்.
முதல் துளி தாளில் விழுந்து
என் எண்ணில் ஒரு ஏழு கரைந்தது.
"பத்து வரைக்கும்," என்றேன்.